விளையாட்டு நின்றுபோன வெள்ளிக்கிழமை

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் மூன்று பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து பால் விடாத பிளேன்டி குடித்தீர்கள். இருந்த நேரம் முழுவதும் மூன்று போன்களும் மேசையில் மல்லாந்து கிடந்தன. திரையில் பச்சை அம்பு மேலே போனால் முகம் மலர்ந்தது. சிவப்பு அம்பு கீழே வந்தால் நான் வைத்த மஸ்கட் இனிப்பு தொண்டையில் நின்றது. அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை, வீடு தேடி வந்த பிள்ளைகளைக் கடிக்கக் கூடாது. இப்போது நீங்கள் உங்கள் வீட்டில், நான் என் வீட்டில். ஆறுதலாகக் கடிக்கலாம்.

மாதச் சந்தா கட்டி, ஊர் ஊராக ஆட்கள் ஒன்றுகூடி இணையத்தில் விளையாடும் ஒரு விளையாட்டு வெற்றியா தோல்வியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்கள். தேத்தண்ணி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன். பதில் தெரியாமல் சொன்னதல்ல. பதில் நீளம், உங்களுக்கோ பஸ்ஸுக்கு நேரம்.

கொழும்பில் எனக்கு இந்த வேலையைப் பழக்கிய தலைவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். அவருக்குப் புகழ்ச்சி பிடிக்காது, எனக்கும் அவரைப் புகழப் பிடிக்காது. அந்த நாட்களில் நான் இல்லாவிட்டால் ஒபிஸ் இடிந்து விழுந்துவிடும் என்பது என் எண்ணம். அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். மனிதர் சிரிக்கவில்லை. புத்தளத்துக்குப் போய் உம்மா வாப்பாவைப் பார்த்துவிட்டு வா, வந்து உன்னை யார் யார் தேடினார்கள் என்று விசாரி என்று லீவு தந்து அனுப்பினார். திரும்பி வந்து விசாரித்தேன். ஒரே ஓர் ஆள் தேடியிருந்தார். அவருடைய கத்தரிக்கோல் என் மேசை லாச்சியில் இருந்தது.

அதற்குப் பிறகு எந்த வேலையைக் கையில் எடுத்தாலும் இது இல்லாமல் போனால் யார் தேடுவார்கள் என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கேட்பது வேறு, பதில் கிடைப்பது வேறு. பதில் கிடைக்க எனக்குக் கனகாலம் எடுத்தது.

'ஏழு துறை' தொடங்கி ஒரு வருடம் ஆகப்போன நேரம். தமிழிலும் சிங்களத்திலும் ஓடிய கப்பல் விளையாட்டு அது. ஆளுக்கொரு கப்பல், ஏழு துறைமுகம், ஏலம், கிராம்பு, கொள்ளைக்காரர், புயல். சந்தா மாதாமாதம் போன் கணக்கிலிருந்து தானாகவே வெட்டப்படும். தலைமை ஒபிஸ் கொழும்பில் இருந்தது. விளையாடுவோரின் முறைப்பாடு கேட்பதும் எண்ணிக்கை பார்ப்பதும் புத்தளத்தில், ஒரு சாமான் கடைக்கு மேல்மாடியில். நானும் ஊர் திரும்பி அங்கேதான் இருந்தேன். கடைப் படிக்கட்டின் நிழலில் கழுதைகள் படுத்திருக்கும். காலையில் முதலில் வருபவர் அவற்றை எழுப்பி வழி எடுக்க வேண்டும். அதனாலேயே எங்கள் ஒபிஸில் ஒருவரும் நேரத்துக்கு வந்ததில்லை.

வருட முடிவில் முதலீட்டாளர்களுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். விளையாட்டு நன்றாகப் போகிறதா, தொடரலாமா, மூடலாமா என்பதற்கான பக்கம். எழுதிக் கையெழுத்துப் போடுவது என் பொறுப்பு. மூடினால் முதலில் மூடுவது எங்கள் மேல்மாடியைத்தான்.

எங்கள் முகாமையாளர் என் மகனைவிட இளையவர். கொழும்புத் தம்பி என்றுதான் நாங்கள் சொல்வோம். நல்ல பிள்ளை, தாடிக்கு எண்ணெய் பூசும் பிள்ளை. அந்தப் புதன்கிழமை அவர் கொழும்பிலிருந்து ஒரு கேக் அனுப்பினார். சந்தாவை நிறுத்தியவர்கள் அநேகமாக ஒருவரும் இல்லை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. சேர்ந்தவர்கள் எல்லாரும் அப்படியே இருக்கிறார்கள், உலகத்தில் எந்த விளையாட்டிலும் இப்படி நடந்ததில்லை என்று போனில் மூச்சுவிடாமல் கதைத்தார். கேக் பஸ்ஸில் வந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. ஆனாலும் முழுக் கேக்.

எல்லாரும் தின்றோம். பர்ஹானா மட்டும் தன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

முறைப்பாட்டுப் பிரிவு அவள் பொறுப்பில் இருந்தது. அந்த மாடியில் அவளைப்போல் கெட்டிக்காரி வேறு ஆள் இல்லை. அவளுடைய வாப்பா கருவாட்டு வியாபாரி. இரண்டு வருடமாக நோயில் படுத்திருந்தார், வீடு அவள் சம்பளத்தில் ஓடியது. ஒரு வங்கியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. நிரந்தர வேலை, ஓய்வூதியமும் உண்டு. வருகிறாளா இல்லையா என்று அடுத்த புதனுக்குள் சொல்லிவிட வேண்டும்.

“மிஸ், உண்மையச் செல்லுங்க. இது ஓடுமா?” என்று கேட்டாள்.

வாயில் கேக்கை வைத்துக்கொண்டு ஓடாது என்று எப்படிச் சொல்வது? ஓடும் என்று சொல்லவும் நாக்கு எழும்பவில்லை. வெள்ளி வரைக்கும் பொறு மகள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்குக் கேக் இனிக்கவில்லை.

என்னை உறுத்தியது இதுதான். கலியாண வீட்டில் சாப்பாடு முடிந்தும் ஒருவரும் எழும்பிப் போகவில்லை என்றால், சாப்பாட்டின் ருசி என்று மட்டும் நினைக்கக் கூடாது. ஆட்கள் நித்திரையாகியும் இருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏழு துறையும் இருண்டுபோயின. கரண்டா, கம்பியா, யாராவது தொடக்கூடாததைத் தொட்டார்களா என்பதை உங்கள் தொழில்நுட்பப் பிள்ளைகள் படம் போட்டு விளக்குவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு கப்பலும் அசையவில்லை என்பதுதான். நண்பகல் ஜும்ஆவுக்கு பாங்கு சொல்லியும் சரிவரவில்லை. கொழும்புத் தம்பி ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் போன் எடுத்து, பதற வேண்டாம் என்று பதறிக்கொண்டிருந்தார்.

ஜும்ஆ முடிந்து சற்று நேரத்தில் கீழே கழுதைகள் அரக்கப்பரக்க எழும்பும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். படிக்கட்டு நிறைய ஆட்கள். தொப்பி போட்டவர்கள், சாரனை மடித்துக் கட்டியவர்கள், உப்பளத்திலிருந்து நேரே வந்தவர்கள், இரண்டு மூன்று பெண்கள். சண்டைக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து பர்ஹானா கதவைச் சாத்தப் போனாள். நான் திறக்கச் சொன்னேன். துணிவால் அல்ல, ஓடிப்போக வேறு வழி இல்லாததால்.

முதலில் உள்ளே வந்தவர்கள் ஆறு பேர். கற்பிட்டிப் பக்கத்தில் ஒரே வள்ளத்தில் தொழில் செய்கிறவர்கள். மீன் லொறியில் ஏறி வந்திருந்தார்கள், வாசனையே அதைச் சொன்னது. அவர்களின் தண்டல், அதாவது வள்ளத்தை நடத்துகிறவர், நரைத்த தாடிக்காரர். கதிரையில் இருக்க மாட்டேன் என்று நின்றுகொண்டே, எங்கள் வழக்கப்படி அக்கா முறையில் என்னைத் தாத்தா என்று அழைத்துக் கேட்டார்.

“தாத்தா, எங்கட கப்பல் ஏலம் ஏத்திக்கொண்டு நடுக்கடல்ல நிண்டிச்சு. திரும்ப வெளிச்சம் வந்தா அது நடுக்கடல்ல நிக்குமா, கரையில நிக்குமா? புயல் வாற நேரம் அது.”

நிஜக் கடலில் ஆயுள் முழுக்கக் கழித்த மனிதர், இல்லாத கடலில் இல்லாத ஏலத்துக்காக இத்தனை தூரம் வந்து நிற்கிறார். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கப்பலின் பெயரைக் கேட்டேன்.

“உம்மாட துஆ” என்றார்.

பர்ஹானாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். உம்மாவின் பிரார்த்தனை என்ற அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் எங்கள் ஒபிஸில் இல்லை. கொழும்பு தயாரித்து வைத்திருந்த சந்தேகப் பட்டியலில் முதலாவது கப்பல் அது. விடிகாலைச் சுபஹ் தொடங்கிப் படுக்கும் நேரம்வரை ஓயாமல் ஓடும். மனிதர் இப்படி விளையாட முடியாது, இது ஏதோ இயந்திரம் ஓட்டுகிறது, தூக்க வேண்டும் என்று தம்பி எத்தனையோ நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரம் பார்த்து அவருடைய அழைப்பும் வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்பிவிடும், திரும்புவதற்கு முன் சந்தேகப் பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள், கோளாறில் போனது என்று நினைத்துக்கொள்வார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்றார்.

யோசிக்க நேரமில்லை. தண்டலிடம், உங்கள் கப்பலை யார் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன். நாங்கள் ஆறு பேரும்தான் என்றார். ஒருவன் கடலுக்குப் போனால் கரையில் நிற்பவன் ஓட்டுவான், அவன் வலைக் கிழிசல் பொத்தப் போனால் அடுத்தவன். கப்பலைச் சும்மா கிடக்க விடலாமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

போனை எடுத்தேன். “தம்பி, அந்த இயந்திரம் இப்ப என்ட முன்னால நிக்கிது. ஆறு பேரா நிக்கிது. தேத்தண்ணி குடிக்கப் போகுது.”

ஒன்றையும் அழிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

நம் பக்கத்துக் கலியாணத்தில் சாப்பாடு சஹனில்தான். ஒரு பெரிய தட்டு, சுற்றி ஆறு பேர். எத்தனை சஹன் என்று சமையல்காரர் கேட்பாரே தவிர எத்தனை தலை என்று கேட்க மாட்டார். இந்தக் கரையில் பிறந்தவர்கள் ஒரு சந்தாவை எடுத்தால் அதையும் நடுவில் வைத்துச் சுற்றி இருந்துவிடுவார்கள். திருட்டு என்ற நினைப்பே அவர்களுக்கு வராது, தனியாகத் தின்பதுதான் வெட்கம். கொழும்பு தட்டை எண்ணி, ஓர் ஆள் ஆறு பேரின் சோற்றைத் தின்கிறான் என்று பொலிசைக் கூப்பிடப் பார்த்தது. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்காவது அது முன்னமே பட்டிருக்க வேண்டும். படவில்லை. நாங்களும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று வந்தவர்களில் தையல் வேலை செய்யும் ஒரு பெண்ணும் இருந்தாள். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து கைக்குழந்தையாகத் தூக்கி வரப்பட்டவள். அவளுடைய மூத்த தாத்தா, கூடப்பிறந்த அக்கா, இப்போது மன்னாருக்கே திரும்பிப் போய்விட்டாராம். இரண்டு பேரும் விளையாட்டில் தினமும் ஒரே துறைக்கு வந்து கிராம்பு விலைக்குச் சண்டை பிடிப்பார்களாம். போனில் கதைக்கலாமே என்றேன்.

“போன்ல கதைச்சா ரெண்டு பேருக்கும் அழுகை வரும் மிஸ். கப்பல்ல சண்டை மட்டுந்தான்.”

பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் வெளிச்சம் வந்தது. 'உம்மாட துஆ' நடுக்கடலில் பத்திரமாக நின்றது. ஆறு பேரும் பர்ஹானாவின் மேசையைச் சூழ்ந்து நின்று பார்த்துவிட்டு, லொறிக்காரன் கூப்பிடுகிறான் என்று இறங்கிப் போனார்கள்.

மாடி காலியான பிறகு பர்ஹானா ஒரு விஷயம் சொன்னாள். இங்கே படிக்கட்டு நிறைந்தது, சிலாபம், மன்னார் பக்கமிருந்து கொஞ்சம் அழைப்புகள் வந்தன. மற்றப்படி ஒன்றுமில்லை. நாடு முழுவதும் சந்தா கட்டும் இத்தனை பேரில் பெரும்பகுதி காலையிலிருந்து பின்னேரம்வரை விளையாட்டு இல்லாமல் கிடந்ததைக் கவனிக்கவே இல்லை. அந்த நாளில் என் லாச்சியில் கிடந்த கத்தரிக்கோல் ஞாபகம் எனக்கு வந்தது.

சனிக்கிழமை இருவரும் உட்கார்ந்து, கனநாளாக உள்ளே வராமல் சந்தா மட்டும் வெட்டுப்படும் ஆட்களில் சிலருக்கு போன் எடுத்துப் பார்த்தோம். ஒருவர், எந்த விளையாட்டு என்று கேட்டார். இன்னொருவர் போனில் பாட்டுப் போடுவதற்கு வெட்டுகிறார்கள் என்று நினைத்திருந்தார். ஒரு பெண்மணி, அது இன்னும் இருக்கிறதா என்று அன்பாக விசாரித்தார், இறந்துபோன உறவினரை விசாரிப்பதுபோல. யாரும் போகவில்லை என்று நாங்கள் தின்ற கேக்கின் அர்த்தம் இதுதான். போவதற்கு முதலில் இங்கே இருக்கிறோம் என்று தெரிய வேண்டுமே.

திங்கட்கிழமை தம்பியிடம் சொன்னேன். வராமல் கட்டுகிற எல்லாருக்கும் ஒரு செய்தி அனுப்புவோம், உங்களைக் கனநாளாகக் காணவில்லை, சந்தா வெட்டுப்படுகிறது, நிறுத்த வேண்டுமானால் இதை அழுத்துங்கள் என்று. போகிறவர் போகட்டும். பிறகு மிச்சத்தை எண்ணி நான் அந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

“மிஸ், அவங்க நித்திரை. நித்திரையில இருக்கிற ஆக்கள எழுப்ப வேணாம். முதலீட்டாளர் கூட்டம் முடியட்டும், பிறகு எழுப்புவோம்” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்கள் எல்லாருடைய சோற்றையும் நினைத்துத்தான் சொன்னார். இந்தத் தொழிலில் நீங்கள் கேட்கப்போகும் மிக அன்பான கெட்ட யோசனை இதுதான், கேட்டால் அடையாளம் கண்டுகொள்ளுங்கள்.

எழுப்பாவிட்டால் என் கையெழுத்து இல்லை என்றேன். நான் ஓய்வுக்குக் கிட்ட இருந்தவள், எனக்கென்ன. அந்த மாடியில் இருந்த மற்றப் பிள்ளைகளுக்கு இதுதான் வாழ்க்கை. அதிலும் பர்ஹானாவை நினைக்க எனக்கு உண்மையாகவே பயமாக இருந்தது. அவளைக் கூப்பிட்டு நடக்கப்போவதை ஒளிக்காமல் சொன்னேன். வங்கிக்குப் போ மகள் என்றும் சொன்னேன். அதற்கு அவள், அந்தச் செய்தியை நானே எழுதட்டுமா என்று கேட்டாள். அவள் எழுதியது நான் சொன்னதைவிட நன்றாக இருந்தது. தம்பி பின்னேரம்வரை முணுமுணுத்துவிட்டு விட்டுக்கொடுத்தார், செய்தி போனது.

புதன்கிழமை காலை திரையைத் திறந்தோம். நீங்கள் பார்த்திருந்தால் மஸ்கட் மட்டுமல்ல, தண்ணீரும் இறங்கியிருக்காது. ஆட்களில் சரிபாதி இல்லை. செய்தியைப் பார்த்து ஞாபகம் வந்து திரும்ப விளையாடத் தொடங்கியவர்கள் சிலர், மிகச் சிலர். தம்பி போன் எடுத்தார்.

“மிஸ், நாங்க அரைவாசியாப் போயிட்டோம்.”

“இல்லத் தம்பி. போன கிழமையும் அரைவாசிதான். கேக்தான் முழுசா வந்திச்சு.”

அவர் சிரித்தார். அந்த நேரத்தில் சிரிக்க முடிந்த ஆள் என்பதால் அன்றிலிருந்து அவர்மீது எனக்கு மதிப்பு.

முதலீட்டாளர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி வரிக்குப் பாய்ந்துவிடுவீர்கள். பாராட்டவும் இல்லை, மூடவும் இல்லை. இன்னும் ஒரு வருடம் தந்தார்கள். ஆறு பேர் சேர்ந்து ஒரு கப்பல் ஓட்டும் சந்தாவை, விலையைக் கொஞ்சம் கூட்டி, அந்த வருடத்தில்தான் தொடங்கினோம். இன்று உங்களுக்குப் பழக்கித் தருகிறார்களே கூட்டுச் சந்தா என்று, அதன் பூர்வீகம் ஒரு மீன் லொறி.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் புதன்கிழமையைப் பற்றி. நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பர்ஹானா எல்லாருக்கும் முன்னாலேயே வங்கிக்கு போன் எடுத்தாள். நன்றி சொன்னாள், மன்னிக்கச் சொன்னாள், நான் வரவில்லை என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உனக்கென்ன பைத்தியமா, எண்ணிக்கை பாதியாகிக் கிடக்கிறது, வீட்டில் வாப்பா நோயாளி என்று ஏசினேன்.

“மிஸ், போன புதன் நான் கேட்டப்ப இங்க யார் இரிக்கிறாங்க எண்டு ஒங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இண்டைக்குத் தெரியும். இவங்க வெளிச்சம் போனா படியேறி வருவாங்க. இவங்கள வெச்சு நான் வேல செய்வேன்.”

அவள் செய்தது புத்திசாலித்தனமா என்று அன்று எனக்குத் தெரியவில்லை. பயம் போகவும் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை எப்படி எழுதுவது என்று மட்டும் தெரிந்தது. வெற்றி என்றும் எழுதவில்லை, தோல்வி என்றும் எழுதவில்லை. பாதியாகிப்போன எண்ணிக்கையை உள்ளபடி போட்டு, அதற்குக் கீழே ஒரு வசனம் சேர்த்தேன். எங்களிடம் உள்ளவர்களில் மிகக் கெட்டிக்காரப் பிள்ளை, எல்லா எண்களையும் பார்த்துவிட்டு, இன்று காலை ஒரு வங்கி வேலையை வேண்டாம் என்றாள்.

கூட்டத்தில் முதலீட்டாளர்கள் எண்ணிக்கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார்களாம்.